அங்கே அப்போது மணி என்ன

"உங்க கடிகாரம் சரியான கடிகாரந்தானா, சார்?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

அந்தக் கேள்விக்காகவே பிறந்தவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியின் ஆபீஸ் அறை அது. கம்பெனி இப்போது இல்லை, பெயர் வேண்டாம். ஒன்பது நாளைக்கு முன்பு அங்கே மருந்து கலக்கும் அறை வெடித்து மாரியப்பன் என்ற தொழிலாளி செத்துப்போயிருந்தார். அறைக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அந்த வாடையையும் தாண்டிக் கந்தகம் மூக்கில் ஏறியது. எனக்கு முன்னால் மூடி உடைத்த கலர் சோடா பாட்டில் ஒன்று. மேனேஜரே தன் கையால் எடுத்துவைத்தது.

வெடித்தபோது நான் அங்கே இல்லை. ஐந்து மைல் தள்ளி, விருதுநகரில் நான் வேலை பார்த்த கல்லூரியின் மொட்டை மாடியில், டெலஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். வெடித்ததைப் பார்த்தேன். மணி பார்த்து நோட்டில் எழுதினேன். அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"தினமும் காலையில் ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பேன். சாயங்காலம் ரேடியோவோடு இன்னொரு தடவை. வாரத்துக்கு நாலு செகண்டுக்கு மேல் பிசகாது" என்றேன். கேட்டது ஒரு கேள்வி. நான் கால்மணி நேரம் பேசினேன்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இப்படி ஒரு சாட்சி எனக்குக் கிடைச்சதே இல்லை" என்றார்.

"படிச்சவுக படிச்சவுகதான்" என்றார் மேனேஜர்.

"அப்போ வெடிச்சது எத்தனை மணிக்கு?"

"பத்து மணி பன்னிரண்டு நிமிடம்."

எழுதிக்கொண்டார். கதவோரம் தரையில் மாரியப்பனின் மனைவி பொன்னுத்தாய் உட்கார்ந்திருந்தார். தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தார். நான் கலரை எடுத்துக் குடித்தேன்.

போனதும் வந்ததும்

இந்தத் தொடர் வரவரக் கசக்கிறது என்று சாத்தூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ஐயா, இந்த வாரம் நீங்கள் படிக்காமலிருப்பது உடம்புக்கு நல்லது. என்னிடம் சர்க்கரை ஸ்டாக் இல்லை.

அறுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டர். பையன்கள் உடைத்த லென்ஸ்களை எண்ணிவைக்கிற உத்தியோகம். ஆனால் மனசுக்குள் பெரிய விஞ்ஞானி. ஒளியின் வேகத்தை விருதுநகரில் வைத்தே அளந்துகாட்டிவிட வேண்டும் என்று ஒரு பைத்தியம் பிடித்திருந்தது.

அளக்கும் முறை ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பல்சக்கரம் ஒன்றை வேகமாகச் சுற்றவிட்டு, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக வெளிச்சத்தை அனுப்ப வேண்டும். அது ஐந்து மைல் போய், அங்கே கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். வருவதற்குள் சக்கரம் ஒரு பல் நகர்ந்திருந்தால் வெளிச்சம் அடைபட்டுப் போகும். சக்கரத்தின் வேகம் தெரிந்தால் வெளிச்சத்தின் வேகம் கிடைத்துவிடும். தூரதேசத்துக்காரர்கள் நூறு வருஷத்துக்கு முன்பே செய்துவிட்ட காரியம்தான்.

சக்கரத்தை எண்ணெய் ஆலைகளுக்கு உதிரிபாகம் கடைந்துகொடுக்கும் ஒரு லேத்துப் பட்டறையில் வெட்டி வாங்கினேன். சுற்றுவதற்குத் தையல் மிஷின். மாடியில் ஒரு டெலஸ்கோப். அந்தக் கோடியில் இன்னொரு டெலஸ்கோப், அதன் பின்வாயில் கண்ணாடி. விளக்குக்குப் பதில் சூரிய வெளிச்சம். மிளகாய் வத்தல் காயும் ஊர் ஆகையால் மாடியில் நின்றாலே தும்மல் வரும். நான் தும்முவேன், டெலஸ்கோப் ஆடும், ஐந்து மைலுக்கு அந்தப் பக்கம் உள்ள கண்ணாடி தொலைந்துபோகும். மறுபடி தேட வேண்டும்.

அந்தக் கண்ணாடியைப் பிடித்தவர்தான் மாரியப்பன்.

தொட்டி மேல் ஒருவர்

மல்லாங்கிணற்றில் எங்கள் புஞ்சையில் கூலிக்கு வேலை செய்த குடும்பம் அவருடையது. மழை அடுத்தடுத்துப் பொய்த்தபோது எங்களுக்குப் பருத்தி போயிற்று. அவர்களுக்கு ஊரே போயிற்று. பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்து, அதன் லைன் வீடு ஒன்றில் குடியேறினார்கள். பொன்னுத்தாய் அதே கம்பெனியில் காகிதக் குழாய் சுற்றினார். மாரியப்பன் மருந்து கலந்தார். எத்தனை தேய்த்துக் குளித்தாலும் அவர் கை நகத்தோரம் அலுமினியப் பவுடர் மினுங்கும்.

என்னைவிட நாலு வயது மூத்தவர். நான் அவரை 'நீ', 'வா', 'போ' என்றுதான் பேசினேன். அவர் என்னைச் 'சின்னய்யா' என்றார். இப்போது எழுதும்போது மட்டும் 'அவர்' போடுகிறேன். செத்தவருக்கு மரியாதை செய்ய நமக்குச் சொல்லியா தர வேண்டும்!

மருந்து கலப்பது விடியற்கால வேலை. வெயில் ஏறிவிட்டால் மருந்துக்குச் சூடு ஆகாது. லேசாக உரசினாலும் பற்றிக்கொள்ளும். ஆகவே பத்து மணிச் சங்கு ஊதியதும் கலப்பவர்கள் கையை உதறிவிட்டு வெளியே வந்துவிட வேண்டும் என்பது விதி. சங்குக்குப் பிறகு மருந்தைத் தொட்டால் குற்றம். சனிக்கிழமைகளில் சங்கு ஊதியதும் மாரியப்பன் கைகால் கழுவிக்கொண்டு, ஆபீஸை ஒட்டியிருந்த தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறுவார். கைக்கண்ணாடியால் வெயிலை என் பக்கம் பளிச்சென்று திருப்புவார். 'வந்துட்டேன்' என்று அர்த்தம்.

மேனேஜர் இதற்கெல்லாம் தாராளமாக அனுமதி கொடுத்திருந்தார். காலேஜ்காரர் தன் கம்பெனித் தொட்டியில் ஆராய்ச்சி செய்கிறார் என்று வருகிற போகிறவர்களிடம் சொல்லிக்கொள்ள அவருக்கும் ஆசை.

மூன்று மாதம் மல்லாடி ஒருநாள் அந்த ஒளிப்புள்ளி மங்குவதைப் பார்த்தேன். கணக்குப் போட்டால் புத்தகத்தில் உள்ளதற்கும் எனக்குக் கிடைத்ததற்கும் கால் பங்கு வித்தியாசம். இருக்கட்டுமே! மாடியில் தனியாகக் குதித்தேன்.

மாரியப்பன் கேட்ட கேள்வி

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் திமிர் அடங்கவில்லை.

கண்ணாடி வைத்து அளந்தால் கிடைப்பது போகவர ஆகும் மொத்த நேரம். போக எவ்வளவு, வர எவ்வளவு என்று அதில் தெரியாது. இரண்டும் சமம் என்று நாமாக வைத்துக்கொள்கிறோம். வீட்டுக்காரர் காலையில் சிவகாசிக்குப் போய் இருட்டுவதற்குள் திரும்பினால், மொத்தம் எத்தனை மணி நேரம் என்று வீட்டிலிருப்பவருக்குத் தெரியும். போகும்போது பஸ் வேகமாகப் போனதா, வரும்போதா என்பதற்கு அந்த ஊரிலும் ஒரு கடிகாரம் வேண்டும். அது இங்குள்ள கடிகாரத்தோடு ஒத்தும் இருக்க வேண்டும்.

'ஒருவழி' வேகத்தை யாரும் அளந்ததில்லை, நான் அளக்கிறேன் என்று கிளம்பினேன். இங்கே ஒரு சக்கரம், தொட்டிமேல் ஒரு சக்கரம். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்க வேண்டும். படம் போட்ட காகிதத்தை எடுத்துக்கொண்டு ஆமத்தூர் போனேன். மாரியப்பன் குந்தி உட்கார்ந்து படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"நீங்க மாடில வெளிச்சம் காட்டுனதும் நான் இங்கன மிஷினை மிதிக்கணும். அப்படித்தான சின்னய்யா?"

"ஆமா."

"அந்த வெளிச்சம் எங்கிட்ட வந்துசேர நேரம் ஆகுமில்ல?"

"ஆகும்."

"எம்புட்டு ஆகும்?"

"அதைத்தானப்பா கண்டுபிடிக்கப் போறோம்."

"அது தெரியாம ரெண்டையும் எப்படிச் சேத்து ஓட்டுவீக?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பட்டம் வாங்கி, டெமான்ஸ்ட்ரேட்டராகி, ஆறு வாரம் உட்கார்ந்து போட்ட படம். மூன்றாம் வகுப்பு தாண்டாத மனிதர் நாலே கேள்வியில் மடித்துக் கையில் கொடுத்துவிட்டார். "உனக்குப் புரியாது" என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாய் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்பம் ஒண்ணு செய்வோம். டைம்பீஸை அங்கன வச்சு நேரம் சேத்துக் குடுங்க. நான் சுமந்துட்டு வாரேன். வெளிச்சத்தை நம்ப வேண்டாம்" என்றார்.

சைக்கிளில் குலுங்கி வருகிற டைம்பீஸ் இந்தக் காரியத்துக்கு உதவாது. ஐந்து மைலைக் கடக்க ஒளிக்கு ஆகும் நேரம், ஒரு செகண்டை லட்சமாகப் பிரித்தால் அதில் மூன்று பங்குகூட இல்லை. இருந்தும் கொடுத்துவிட்டேன். வேலைக்குப் போகிறவர்கள் உலோகம் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. யார் கையிலும் கடிகாரம் கிடையாது. ஆகவே டைம்பீஸை வாட்ச்மேன் அறையில் வைத்துவிட்டுப் போவார். வாரா வாரம் திரும்பக் கொண்டுவந்து என் கடிகாரத்தோடு ஒத்துப் பார்ப்பார். ஒரு நிமிடம் அரை நிமிடம்தான் பிசகும்.

அப்படி வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை சிரித்துக்கொண்டே சொன்னார். "ஆபீஸ் கடிகாரம் நம்ம டைம்பீஸுக்குக் கால்மணி நேரம் பின்னாடி கெடக்கு சின்னய்யா."

"ரிப்பேரா?"

"ரிப்பேரா! நல்லாச் சொன்னீக போங்க. தீபாவளி சீசன்ல முள்ளைப் பின்னாடி தள்ளி வச்சிருவாக. கடிகாரத்தைப் பாத்துத்தான சங்கு ஊதுவான்? நெசத்துக்குப் பத்தேகாலுக்குத்தான் எங்களுக்குப் பத்து. ஆர்டர் கெடக்குல்ல, கூட ரெண்டு தட்டு மருந்து ஆகும். நெழலைப் பாத்தாலே எங்களுக்குத் தெரியும். கேட்டா வேலை இருக்குமா?"

"சரி, அது நமக்கெதுக்கு" என்றேன். அப்படியே சொன்னேன். அது நமக்கெதுக்கு.

இருபத்துமூன்று

அந்தச் சனிக்கிழமை பத்து மணிக்கு முன்பே மாடியில் ஏறிவிட்டேன். டெலஸ்கோப்பில் தொட்டி தெரிந்தது. அதற்குக் கீழே ஓட்டுக்கூரைகள். மாரியப்பன் வரவில்லை. பத்து ஆயிற்று. பத்து ஐந்து ஆயிற்று. சங்கு தாமதமாகத்தான் ஊதும் என்று தெரிந்தும் எரிச்சல் வந்தது. பன்னிரண்டு மணிக்கு எனக்குக் கல்யாண வீட்டுச் சாப்பாடு ஒன்று இருந்தது.

சட்டென்று ஒரு வெளிச்சம் அடித்தது. கண் கூசியது.

"வந்துட்டான்!" என்றேன் உரக்க.

கண்ணாடி வெளிச்சம் என்று நினைத்துவிட்டேன். அது தொட்டிமேலிருந்து வரவில்லை, கீழேயிருந்து வந்தது என்று புரிவதற்குள் புகை எழுந்து தொட்டியே மறைந்துபோயிற்று. அப்போதாவது ஓடினேனா? இல்லை. கடிகாரத்தைப் பார்த்தேன். வாய் தானாக எண்ணத் தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று. வெளிச்சம் முதலில் வரும், சத்தம் பின்னால் வரும், நடுவில் உள்ளதை எண்ண வேண்டும் என்று கை பழகி, வாய் பழகி, புத்தியும் பழகியிருந்தது. இருபத்துமூன்றில் 'டும்' என்று கேட்டது. மாடிக் கைப்பிடிச் சுவர் அதிர்ந்தது.

நோட்டில் எழுதினேன். பத்து பன்னிரண்டு. சத்தத்துக்கு இருபத்துமூன்று செகண்டு. ஐந்து மைலுக்குச் சரியாக வருகிறது என்று பக்கத்தில் ஒரு டிக் வேறு போட்டேன். அங்கே ஒரு மனிதர் எரிந்துகொண்டிருந்தார். நான் டிக் போட்டேன்.

கேட்டதும் கேட்காததும்

அதிகாரி தீர்மானிக்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மாரியப்பன் மருந்து கலந்தது சங்குக்கு முன்பா, பின்பா?

முன்பு என்றால் கம்பெனி பதில் சொல்ல வேண்டும். பின்பு என்றால் விதியை மீறித் தன் சாவைத் தானே தேடிக்கொண்டவர் என்று அவர் பெயர் எழுதப்படும். நஷ்டஈடு கிடையாது, லைன் வீடு கிடையாது. வெடிவைத்தவன் வீட்டு ஆள் என்று பொன்னுத்தாயை வேறு கம்பெனியும் சேர்க்காது.

சங்கு பத்து மணிக்கு ஊதியதாக மேனேஜர் நோட்டைக் காட்டினார். வாட்ச்மேன் கைநாட்டு இருந்தது. சுவரில் ஆபீஸ் கடிகாரம் மிகச் சரியான நேரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. வெடித்த அன்றே முள்ளைத் திருப்பிவைத்துவிட்டார்கள்.

"சங்கு ஊதலை சாமி. வெடிச்ச பொறவுதான் ஊதுனாக" என்று பொன்னுத்தாய் சொன்னார்.

"அது ஆபத்துச் சங்கும்மா" என்றார் மேனேஜர் பதமாக. "பத்து மணிச் சங்கு உனக்குக் காதுல விழுந்திருக்காது."

அதற்குப் பிறகுதான் என் முறை வந்தது. பத்து பன்னிரண்டு என்றேன். பத்துக்கு ஊதியது, பத்து பன்னிரண்டுக்கு வெடித்தது, ஆகவே சங்குக்குப் பின் பன்னிரண்டு நிமிடம் மருந்தில் கைவைத்திருக்கிறார். முடிந்தது விசாரணை.

நான் சொன்னது பொய்யில்லை. என் கடிகாரத்தில் மணி அதுதான். கம்பெனிக் கடிகாரத்தில் அப்போது பத்தாக இன்னும் மூன்று நிமிடம் இருந்திருக்கும். ஆனால் இங்கே உள்ள கடிகாரத்தை வைத்துக்கொண்டு அங்கே நடந்ததற்கு நேரம் சொல்ல முடியாது, இரண்டும் ஒத்திருந்தனவா என்று முதலில் கேட்க வேண்டும் என்று ஊரெல்லாம் பிரசங்கம் செய்தவன் நான். இரண்டும் ஒத்திருக்கவில்லை என்பது அந்த அறையில் வெளியாளாக எனக்கு மட்டுமே தெரியும். "சார், சீசனில் இங்கே கால்மணி பின்னால் வைப்பார்கள்" என்று ஒரு வாக்கியம். அதைச் சொல்ல எத்தனை செகண்டு ஆகும்?

மேனேஜர் கல்லூரிக் கமிட்டிக்கு வேண்டியவர், என் வேலையோ டெம்பரவரி, அதனால் வாயை மூடிக்கொண்டேன் என்று நீங்கள் நினைக்கலாம். அப்படி இருந்திருந்தால்கூட மன்னிக்கலாம், வயிற்றுப்பாடு என்று. உண்மை அதைவிடக் கேவலமானது. என் கடிகாரத்தைப் பாராட்டினார்கள். நான் மயங்கிப்போய் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பாராட்டை நானே எழுந்து கெடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

யார் ஒத்துப் பார்த்தது

உத்தரவு வந்த வாரம் பொன்னுத்தாய் கல்லூரி வாசலுக்கு வந்தார். லைன் வீட்டைக் காலிசெய்யச் சொல்லிவிட்டார்கள்.

"அங்கன கடிகாரம் பின்னாடி கெடந்தது உங்களுக்குத் தெரியுந்தான?"

"தெரியும்."

"அவரு உங்ககிட்டச் சொன்னாருல்ல?"

"சொன்னான்."

"பொறவு ஏன் சொல்லலீக?"

"என்னிடம் அதைக் கேட்கவில்லையே" என்றேன். அவமானம், அவமானம். அந்த வயதில் அவமானத்துக்குக்கூட வக்கீல் வைத்துக்கொள்கிறோம்.

"கேட்டாத்தான் சொல்லுவீகளோ? அவரு உங்களுக்காக அம்புட்டு ஒசரத் தொட்டியில ஏறுனாரே, நீங்க கேட்டா ஏறுனாரு? வேணும்னு சொல்றதுக்கு முன்னாடியே ஏறுனாரு." அழவில்லை. திட்டவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாளே விசாரணை அதிகாரியைத் தேடி மதுரைக்குப் பஸ் ஏறினேன். அதிகாரி என்னை நினைவு வைத்திருந்தார். காபி வரவழைத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதரில்லை. அதுதான் இன்னும் வேதனை.

"நான் பார்த்தபோது ஆபீஸ் கடிகாரம் சரியா இருந்ததே."

"அப்புறம் திருத்தியிருக்கிறார்கள்."

"வெடிச்ச அன்னைக்கு அது பின்னால இருந்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கவில்லை."

"உங்க கடிகாரத்தையும் அந்தக் கடிகாரத்தையும் ஒத்துப் பார்த்த ஆள் யாராவது உண்டா? அவரைக் கூட்டிட்டு வாங்க. மறுபடி எழுதறேன்."

நான் காபியைக் கீழே வைத்தேன்.

"யார் சார் ஒத்துப் பார்த்தது?" என்று மறுபடி கேட்டார்.

"மாரியப்பன்" என்றேன்.

அவர் ஃபைலைக் கட்டிவைத்தார்.

நாரணாபுரத்தில்

அடுத்த சீசனில் என் வேலை நிரந்தரமாயிற்று. பல்சக்கரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டேன்.

பொன்னுத்தாய் சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்தில் ஒரு சின்னப் பட்டாசுக் கம்பெனியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு ஒருநாள் போனேன். மதுரைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிட்டேன், நடக்கவில்லை, ஆனாலும் சொல்லிவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும். யாருக்காக? எனக்காகத்தான். வாசலில் கணக்குப்பிள்ளையிடம் பொன்னுத்தாயைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்படி யாரும் இல்லை என்றார். அதற்குள் ஷெட்டிலிருந்து அவரே என்னைப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்தார். கையெல்லாம் பசை. தன் பெயராக வேறொரு பெயரைச் சொல்லி, "ஊருக்காரவுக, என்னையத்தான் தேடி வந்திருக்காக" என்று கணக்குப்பிள்ளையிடம் சொன்னார்.

வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

"மாரியப்பனைப் பற்றி மதுரையில்..." என்று ஆரம்பித்தேன்.

"மெதுவாப் பேசுங்க சார்" என்றார். அன்றுதான் முதன்முதலாகச் 'சார்' என்றார். திரும்பி ஷெட்டைப் பார்த்துக்கொண்டார். "அவரு பேரை இங்கன சொல்லிராதீக. நான் அவரு பொண்டாட்டின்னு தெரிஞ்சா வேலையிலிருந்து நிறுத்திருவாக. கல்யாணமே ஆகலைன்னு சொல்லித்தான் சேந்திருக்கேன்."

கழுத்தைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. தாலி அறுத்ததற்கான அடையாளம்கூட வெளியே தெரியாமல், கன்னிப்பெண் மாதிரி கண்ணாடி வளையல் போட்டிருந்தார். புருஷனுக்குத் துக்கம் காக்கவும் அவருக்கு வழியில்லாமல் போயிருந்தது.

"ஒண்ணும் சொல்ல வேண்டாம் சார். போயிட்டு வாங்க. லோடு ஏத்துற நேரம்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமல் பஸ் ஏறினேன்.